எங்கள் கரையில் ஐஸும் ஒருவர், மீன் வாங்குறதும் ஒருவர்: தனியுரிமை நல்லதா, கெட்டதா?

கரையோரம் | சனி, இரவு 9.40

மகள் உயர்தரத்தில் வணிகப் பிரிவு படிக்கிறாள். நேற்று இரவு தனியுரிமை, அதாவது ஏகபோகம் பற்றிய பாடத்தைச் சத்தம் போட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். "விற்பவர் ஒருவர், வாங்குபவர் பலர், நெருங்கிய பதிலீடு இல்லை, புதியவர் நுழையத் தடை." நான் பக்கத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்க எங்கள் கரைதான் கண்ணுக்குள் வந்தது. ஆனால் தலைகீழாக. எங்களிடம் விற்பவர் பலர், வாங்குபவர் ஒருவர்.

நாங்கள் நிலாவெளிக்கு வடக்கே இருக்கிறோம். வீட்டுக்காரரிடம் ஒரு பைபர் படகு. துறையில் மொத்தம் பதினெட்டுப் படகுகள். ஐஸ் எடுக்க ஒரே இடம். அந்த முதலாளிதான் மீனும் வாங்குவார். எஞ்சின் பழுதானால், வலை அறுந்தால் முற்பணம் தருவதும் அவரே. விடிய ஆறரைக்குப் படகு கரை ஏறியதும் தராசு வைப்பார். கொஞ்சம் தள்ளிப் போய் பேலியகொட மொத்த மீன் சந்தைக்குப் போன் எடுத்து விலை கேட்பார். திரும்பி வந்து ஒரு விலை சொல்வார். போன கிழமை பாரைக்கு 700 ரூபாய். அதே நாள் திருகோணமலைச் சந்தையில் 1,400க்கு விற்றதை என் தம்பி கண்ணால் கண்டான். விலை காணாது என்றால் "வேற ஆளுக்குக் குடுங்கோ" என்பார். வேற ஆள் இல்லை. மீனோ வெயிலில் கிடக்கும். அவருடைய கொப்பியில் எங்கள் பெயருக்கு 285,000 ரூபாய் நிற்கிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் ஒருவரும் காசு போட வராத காலத்தில் ஐஸ் ஆலை போட்டவர் அவர். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது பதினெட்டு வீட்டுக்கும் அரிசிக்குக் காசு கொடுத்தவரும் அவர். அவரைத் திட்ட இங்கே வரவில்லை. மகளின் கொப்பியில் நன்மை ஐந்து, தீமை ஐந்து இருக்கிறது. எங்கள் கரைக்கு அதில் எது பொருந்தும் என்று விளங்கினால் போதும்.

---

பழைய வாத்தியார் | சனி, இரவு 10.25

தங்கச்சி, பட்டணத்தில் முப்பது வருசம் இந்தப் பாடம்தான் படிப்பித்தேன். உங்கள் மகளுக்கும் உதவும் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஐஸ். பார் ஒன்று 500 ரூபாய் என்றால் நாளுக்கு 100 பார் போகும், 480 ஆக்கினால் 110 போகும் என்று வைப்போம். முதல் வருமானம் 50,000. இரண்டாவது 52,800. மேலதிகமாக விற்ற பத்துப் பாருக்கும் சேர்த்து அவருக்குக் கூடியது 2,800தான், அதாவது பாருக்கு 280. விலையை எல்லாருக்கும் குறைக்க வேண்டி வந்ததால் அப்படி. இன்னொரு பார் உறைய வைக்க 300 செலவாகும் என்றால் அவர் நூறோடு நிற்பாட்டி விடுவார். 480 கொடுக்கத் தயாரான ஆள் கரையில் நிற்கிறார், 300க்குச் செய்யலாம், ஆனாலும் அந்த ஐஸ் உறைவதே இல்லை. பாடப் புத்தகத்தில் நலன் இழப்பு என்று ஒரு முக்கோணத்தை நிழல் போட்டுக் காட்டுவார்களே, அது இந்த உறையாத பத்துப் பார்தான். பிள்ளைகள் முக்கோணத்தை வடிவாகக் கீறுவார்கள். அது என்ன என்று கேட்டால் பேசாமல் நிற்பார்கள்.

இனி மீன். ஒரே கொள்வனவாளர் என்ற நிலைக்குத் தனிப் பெயர் வைத்துப் பிரபலமாக்கியவர் ஜோன் றொபின்சன் என்ற பொருளியலாளர், 1933இல். 700 கொடுத்தால் 100 கிலோ வரும், 750 கொடுத்தால் 120 கிலோ வரும் என்று வைப்போம். 70,000 போய் 90,000 ஆகிறது. கூடுதல் இருபது கிலோவுக்கு அவர் கொடுத்தது 20,000. கிலோவுக்கு 1,000! நகரத்தில் செலவு போக 950 கிடைத்தாலும் அவருக்கு அது கட்டாது. ஆகவே 700இலேயே நிற்பார். இதற்கு மனிதர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. யார் அந்த இடத்தில் இருந்தாலும் இந்தக் கணக்குத்தான் வரும்.

உங்கள் 1,400ஐ மட்டும் திருத்த வேண்டும். அது சில்லறை விலை. மொத்த விலையை எடுத்து, அதிலிருந்து லொறிக் கூலி, ஐஸ், தரகு எல்லாம் கழித்துப் பாருங்கள்.

---

உவர்மலை | சனி, இரவு 11.02

சேர், கணக்கு சரி. ஆனால் அந்த முதலாளியைத் தப்ப விடுகிறீர்கள் போலத் தெரிகிறது. போட்டி வந்தால் எல்லாம் தன்பாட்டில் சரியாகும். ரெலிபோனைப் பாருங்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு லைன் வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டு வருசக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 1989இல் செல்டெல் என்ற கைபேசிக் கம்பனி வந்தது, 1996இல் கம்பியில்லாத் தொலைபேசிக் கம்பனிகள் இரண்டு வந்தன. வெளிநாட்டு அழைப்பு மட்டும் 2002 ஆகஸ்ட் வரை ரெலிகொமின் தனியுரிமை. சண்டைக் காலத்தில் என் அம்மா கனடாவில் இருந்த மாமாவோடு கதைக்க நகரத்துக் கொம்யூனிகேஷன் கடைக்குப் போய் வரிசையில் நிற்பார். மூன்று நிமிசம் முடிகிறது என்று கடைக்காரர் கையைக் காட்டுவார், அம்மா அழுதுகொண்டே வைத்துவிடுவார். 2003இல் பல கம்பனிகளுக்கு வெளிநாட்டு அழைப்பு அனுமதி கொடுத்தார்கள். கட்டணம் விழுந்தது. அம்மா வீட்டில் இருந்தே அரை மணித்தியாலம் கதைத்தார்.

அக்காவின் கரைக்கு இன்னொரு ஐஸ் ஆலை போட வேண்டும். அவ்வளவுதான்.

---

மின்கம்பம் | ஞாயிறு, காலை 6.15

தம்பி உவர்மலை, அவசரப்படாதே. நான் மின்சார வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், அதற்கு முன்பு மூன்று வருசம் ஒரு ஐஸ் ஆலையில் மெக்கானிக். இரண்டாவது ஆலை என்று சொல்வது லேசு.

ஐஸ் ஆலை என்றால் பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் தகரப் பெட்டிகளை நல்ல தண்ணீரோடு இறக்கி வைக்க வேண்டும், அமோனியா கம்பிரசர் இரவும் பகலும் ஓட வேண்டும். ஒரு பார் இறுக ஒரு நாளுக்குக் கிட்டச் செல்லும். தொட்டியில் பாதிப் பெட்டி வெறுமையாக இருந்தாலும் உப்புத் தண்ணீரைக் குளிராக வைத்திருக்கக் கரண்ட் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். பதினெட்டுப் படகுக்கு இரண்டு ஆலை போட்டால் இரண்டும் அரைவாசிதான் ஓடும், ஐஸ் விலை குறையாது, கூடும். ஒரு வருசத்தில் ஒன்று பூட்டுப்படும். பிறகு மீண்டும் ஒருவர்தான்.

கரண்டும் இப்படித்தான். வெருகலுக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் லைன் இழுத்தபோது நானும் நின்றேன். ஒரு கம்பத்தில் இருந்து அடுத்த வீட்டுக்கு அரை மைல். அந்த வீட்டில் இரண்டு பல்ப், ஒரு ரேடியோ. இலாபம் பார்க்கிற இரண்டு கம்பனிகள் போட்டி போட்டிருந்தால் அந்த வீட்டுக்கு இன்றைக்கும் குப்பி விளக்குத்தான். 1969இல் மின்சார சபை உருவானது. என் காலத்தில் சில நகரங்கள் தவிர நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரே சபை, ஒரே கட்டண அட்டவணை. கொழும்பு மாடி வீட்டுக்கும் வெருகல் மண் வீட்டுக்கும் அதே அட்டவணைதான். நகரத்தில் வந்த காசில் கிராமத்துக்குக் கம்பம் நட்டோம். தனியுரிமையின் நன்மை என்று நான் கையால் தொட்டது அது. போட்டி வந்தால் முதலில் அறுபடுவது இந்தக் குறுக்கு உதவிதான்.

---

உவர்மலை | ஞாயிறு, காலை 8.30

மேற்கோள்: "நகரத்தில் வந்த காசில் கிராமத்துக்குக் கம்பம் நட்டோம்"

ஐயா, அந்த வேலைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அதே சபையின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 வீதம் கூடியதே. டொலர் நெருக்கடி, எரிபொருள் விலை எல்லாம் காரணம்தான். பல வருசம் செலவுக்குக் கீழே விலையை வைத்திருந்ததும் காரணம். ஆனால் அந்தப் பில்லோடு என் அப்பா எங்கே போவார்? கடையில் சீனி விலை கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். போட்டியில்லாத இடத்தில் செலவைக் குறைக்க வேண்டும் என்ற பயமே இருக்காது. லைபன்ஸ்டைன் என்ற பொருளியலாளர் 1966இல் இதைத்தான் எழுதினார். தனியுரிமையாளர் விலையைக் கூட்டுவது மட்டுமல்ல, உள்ளுக்குள்ளேயே சோம்பிப் போவார். அந்த நட்டம் முக்கோணத்தை விடப் பெரிதாக இருக்கலாம்.

---

கிண்ணியான் | ஞாயிறு, காலை 9.10

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கிண்ணியா. நீங்க எல்லாரும் ஐஸ், கரண்ட் எண்டு கதைக்கிறீங்க. எங்களுக்குத் தனியுரிமை எண்டா பாதை. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ஆத்தைக் கடக்கிற மிதவையத்தான் நாங்க பாதை எண்டு சொல்ற. 2009ல பாலம் திறக்கிற வரைக்கும் பட்டணத்துக்குப் போக அதுதான். வாப்பா லொறியில வெங்காயம் ஏத்திட்டு வந்து வரிசையில நிப்பார். மழைக்கு ஆறு பெருகினா அடுத்த நாள்தான். பட்டணத்துச் சந்தைக்குப் பிந்திப் போனா வந்த விலைக்குக் குடுக்கணும். பாதை ஓட்டினவங்க எங்கட ஆக்கள்தான், நல்லவங்க. ஆனா வேற வழி இல்லாத மனிசனுக்குக் காத்திருக்கிறதே ஒரு வரி.

2021 நவம்பர் 23ஐ மறக்க ஏலாது. குறிஞ்சாக்கேணியில பாலம் கட்டி முடியல்ல, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பாதையிலதான் போகணும். அண்டைக்குக் கவுந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வேற வழி இருந்திருந்தா எண்டு இண்டைக்கும் நினைக்கிறேன். இதைப் பொருளாதாரத்தில எந்தப் பக்கம் எழுதுறது எண்டு எனக்குத் தெரியல்ல.

---

பழைய வாத்தியார் | ஞாயிறு, காலை 10.45

கிண்ணியான் தம்பி, உங்கள் பதிவை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்த்தான் வந்தேன்.

பாலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதை போய்ப் பாலம் வந்தது. பாலமும் ஒன்றுதானே! பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு பாலம் இல்லை. அப்படியானால் ஒரு தனியுரிமை போய் இன்னொரு தனியுரிமைதான் வந்திருக்கிறது. ஆனால் ஒருவரும் உங்களை நிறுத்திக் காசு கேட்பதில்லை. 1844இலேயே டியூபுயி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் பாலச் சுங்கத்தை வைத்துத்தான் இதை ஆராய்ந்தார். பாலத்தைக் கட்ட நிறையச் செலவு. கட்டிய பிறகு இன்னொரு ஆள் கடக்க ஏறக்குறைய ஒரு செலவும் இல்லை. அங்கே சுங்கம் வைத்தால், கடந்திருக்க வேண்டிய சிலர் கடக்காமல் விடுவார்கள், அதனால் யாருக்கும் ஒன்றும் மிச்சமாகாது. இயற்கையாகவே ஒருவர்தான் செய்ய முடியும் என்ற வேலையை உடைப்பது வீண். விலையை யார் வைக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் கூடினால் போதாது என்பதற்கும் எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. எரிபொருள் விற்க 1961இல் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வந்தது. 2003இல் இந்தியக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி. வந்து சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் எடுத்தது. 2022 ஜனவரியில் 99 தாங்கிகளைப் பிரித்தார்கள்: 14 ஐ.ஓ.சி.க்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. 2023இல் சீனாவின் சினோபெக்கும் வந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் குறைத்து விற்றார்கள். இப்போது மாத முடிவில் ஒருவர் விலையை அறிவித்தால் மற்றவர்களும் அதையொட்டி வைக்கிறார்கள். இத்தனை பேர் இருந்தும் இது சிலருரிமைதான், அதாவது விற்பவர் ஒரு சிலரே உள்ள சந்தை. ஆனாலும் 2022 நெருக்கடியில் ஒரு ஷெட்டில் இல்லாவிட்டால் மற்றதில் கிடைக்குமா என்று பார்க்கவாவது முடிந்தது. அந்தப் பயனைக் குறைவாக எடைபோடக் கூடாது.

---

வயல்வெளி | ஞாயிறு, பகல் 12.20

தம்பலகாமம். சுருக்கமாக. எங்களுக்கும் அக்காவின் கதைதான், மீனுக்குப் பதில் நெல். அறுவடை மெசின் ஒரே கிழமையில் எல்லா வயலையும் வெட்டிப் போடும். நெல் ஈரம். அரசாங்கம் வாங்குவதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காய வைக்கத் தளம் இல்லை, றோட்டில் பரப்பினால் மழை. பெரிய அரிசி ஆலைக்காரரின் லொறி ஈர நெல்லை அப்படியே ஏற்றும், அதற்கேற்ற விலைக்கு. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது இதற்காகத்தான். அவர்களின் களஞ்சியம் அறுவடைக்கு முதல் நாள் திறந்திருந்தால் ஆலைக்காரரும் விலையைக் கூட்டிக் கேட்கிறார். பிந்தித் திறந்தால் வருசம் போச்சு. சபை எல்லா நெல்லையும் வாங்கத் தேவையே இல்லை, வாங்கும் என்று தெரிந்தால் போதும்.

---

உவர்மலை | ஞாயிறு, பிற்பகல் 2.05

வயல்வெளி அண்ணா சொன்ன கடைசி வரி என்னை யோசிக்க வைத்தது. இரண்டாவது ஆலை என்ற என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். மின்கம்பம் ஐயா சொன்னது சரி.

சட்டப் பக்கம் தேடிப் பார்த்தேன். 1987இல் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் இருந்தது, அது தனியுரிமைகளையும் கம்பனி இணைப்புகளையும் விசாரிக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதை நீக்கியது. புதிய சட்டத்தில் போட்டிக்கு எதிரான நடைமுறைகளை விசாரிக்க இடம் இருக்கிறது, தனியுரிமையையும் இணைப்பையும் பற்றிய ஏற்பாடு இல்லை. அதாவது நாங்கள் சந்தையைத் திறந்துகொண்டே போன காலத்தில் காவலைக் குறைத்திருக்கிறோம். எனக்கு இது கோபமாக இருக்கிறது.

---

மின்கம்பம் | ஞாயிறு, மாலை 4.40

தங்கச்சி கரையோரம், ஒன்று விளங்கினது, அதைச் சொல்லத்தான் திரும்ப வந்தேன். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வந்தபோது நான் எதிர்த்தவன். சபையைத் துண்டு போடுகிறார்களே என்று நெஞ்சு வலித்தது, இன்றைக்கும் சில இடங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதன் அடிப்படை யோசனை என்ன? கம்பி ஒருவரிடம் இருக்கட்டும், ஏனென்றால் இரண்டு கம்பி வீண். கரண்ட் உற்பத்தி பலரிடம் இருக்கட்டும். கம்பி வைத்திருப்பவரே உற்பத்தியும் செய்தால் மற்றவரின் கரண்டை உள்ளே விடமாட்டார்.

உங்கள் கரையிலும் ஐஸ் ஒருவரிடம் இருப்பது பிரச்சினை இல்லை. ஐஸ், தராசு, கடன் கொப்பி மூன்றும் ஒரே கையில் இருக்கிறது. வேறு கூலர் லொறி வந்தால் அதற்கு மீன் போட்டவருக்கு அடுத்த நாள் ஐஸ் கிடைக்குமா?

---

கரையோரம் | ஞாயிறு, இரவு 9.15

ஐயா, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இரண்டு வருசத்துக்கு முன் புல்மோட்டைப் பக்கத்தில் இருந்து ஒரு கூலர் வந்தது. மூன்று படகுகள் அதற்கு மீன் போட்டன. அடுத்த நாள் அந்த மூன்றுக்கும் "ஐஸ் முடிஞ்சுது" என்றார்கள். கடனையும் உடனே கட்டச் சொன்னார்கள். கூலர் ஒரு கிழமை வந்து போய்விட்டது.

வாத்தியார் சேர் சொன்னபடி மகளும் நானும் இன்று கணக்குப் பார்த்தோம். மொத்த விலை 850. லொறி, ஐஸ், தரகு என்று 90 கழித்தால் 760. நாங்கள் வாங்கியது 700. கிலோவுக்கு 60தான் வித்தியாசம். நான் நினைத்ததை விடக் குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாளுக்கு 30 கிலோ, மாதம் 24 நாள் கடல். 43,200 ரூபாய். அவர் எங்களுக்குத் தந்தது வட்டியில்லாத கடன் என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தோம். மகள் 43,200ஐ 285,000ஆல் வகுத்தாள். மாதம் 15 வீதம். வீட்டுக்காரர் அந்தக் கொப்பியை வாங்கி இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார்.

---

பழைய வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.50

அந்த 15 வீதம் முழுவதும் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். படகு கவிழ்ந்தால் கடனும் கடலோடு போகும் என்ற பயம் அவருக்கும் இருக்கிறது, மீன் பழுதானால் நட்டம் அவருக்கு. ஆனால் அவ்வளவு பெரிய பயம் இல்லை.

மின்கம்பம் சொன்ன மூன்றில் முதலில் கழற்றக் கூடியது கடன். சங்கம் மூலம் கூட்டுறவு வங்கியிலோ கிராமிய வங்கியிலோ பதினெட்டுப் பேரும் சேர்ந்து கேளுங்கள். மாதம் 15 வீதத்துக்குக் கிட்ட எந்த வங்கியும் கேட்காது. ஐஸை அவரிடமே வாங்குங்கள். பார் இவ்வளவு, யாருக்கும் ஒரே விலை, மீன் எங்கே போட்டாலும் ஐஸ் உண்டு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பார் கட்டாயம் எடுப்போம் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள், அவருடைய தொட்டியும் நிறைய வேண்டும். ஒன்றுக்கு ஆயத்தமாக இருங்கள்: கூலர் வந்ததும் அவர் விலையை 800க்கு ஏற்றுவார். கூலர் போனதும் 700. ஆகவே எல்லாப் படகும் ஒரே பக்கம் போகாமல், ஒரு பங்கையாவது நட்டம் வந்தாலும் ஆறு மாதம் கூலருக்கே போட வேண்டும்.

---

கிண்ணியான் | ஞாயிறு, இரவு 10.20

அக்கா, என் மச்சானுக்குக் கூலர் லொறி இருக்கு, கிண்ணியாவில இருந்து தம்புள்ள, கண்டி எண்டு மீன் ஏத்திறார். இப்பதான் கதைச்சேன். நாளுக்கு 150 கிலோ நிச்சயம் எண்டா உங்கட கரைக்கு வருவாராம். ஐஸும் லொறியிலேயே கொண்டு வரலாம், முதல் ரெண்டு கிழமைக்கு. "ஐஸ் முடிஞ்சுது" எண்டு சொன்னா அதுக்கு.

---

கரையோரம் | திங்கள், காலை 5.50

வீட்டுக்காரர் இரவே ஆறு வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். 150 கிலோ என்றால் ஐந்து படகு காணும். ஏழு பேர் சம்மதம். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூடுகிறோம், முதலாளியையும் கூப்பிட்டிருக்கிறோம், அவருக்குத் தெரியாமல் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் கடன் கணக்கை எழுதிக்கொண்டு வர வேண்டும், மகள் கூட்டித் தருவாள். கிண்ணியான் தம்பி, மச்சானை நான்கரைக்கு வரச் சொல்லுங்கோ. பள்ளிவாசல் கழிந்து இடப் பக்கம் திரும்பினால் கட்டடம் தெரியும். சேர், உங்களால் பஸ்ஸில் வர ஏலுமென்றால் நிலாவெளியில் இருந்து என் தம்பி மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருவான்.